கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

“பச்சைப் புடவை எடுப்பா இருக்கு. எங்கே, ஒரு தடவை கையாட்டு.”

போனைக் காதில் வைத்தபடியே அவள் பால்கனியிலிருந்து எதிர்க் கோபுரத்தைப் பார்த்துக் கையாட்டினாள். அதன் கண்ணாடிச் சுவரில் வானம்தான் தெரிந்தது. பகலில் உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே எல்லாம் தெரியும், வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது.

அந்த வளாகத்தில் ஒரு கோபுரம் முழுக்க வீடுகள், இன்னொன்றில் அலுவலகங்கள், கீழே நாலு மாடிக்குக் கடைகள். கணவருக்கு எதிர்க் கோபுரத்தில் ஆபீஸ். கூடவே தங்கியிருக்கும் அவளுடைய தங்கைக்குக் கீழே துணிக்கடையில் வேலை.

தினமும் மதியம் கணவர் சீட்டிலிருந்தே அவளைப் பார்த்துப் பேசுவார். புடவை நிறத்தைச் சொல்லாத நாள் கிடையாது. இப்படியும் ஒரு புருஷனா என்று பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு வயிற்றெரிச்சல். அவளுக்கோ தலைகால் புரியாத பெருமை.

“அங்கேருந்து நான் எப்படித் தெரியறேன்னு ஒரு நாள் வந்து பார்க்கணும்” என்றால் மட்டும், “வெளியாளை உள்ளே விட மாட்டாங்கம்மா” என்பார்.

மறுநாள் கணவர் வழக்கம்போல் விடியும்போதே கிளம்பிப் போனார். அவள் குளித்து, ஊதாப் புடவை கட்டி, தங்கைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். பாத்திரம் கழுவும்போதுதான் அந்த ஆசை வந்தது. சொல்லாமல் போய் நின்றால் என்ன? ஆபீசுக்குப் போவதற்கு நல்லதாக இருக்கட்டுமே என்று மஞ்சள் புடவைக்கு மாறினாள்.

அங்கே யாரும் தடுக்கவில்லை. வரவேற்புப் பெண் சிரித்த முகமாக ஒரு கார்டைக் கழுத்தில் மாட்டிவிட்டு, அவருடைய சீட் வரைக்கும் கூட்டிப்போனாள். சீட் காலியாக இருந்தது. பக்கத்து ஜன்னலில் மேம்பாலம் தெரிந்தது.

“எதிர் வீடுங்க தெரியற ஜன்னல்?”

“அது அந்தக் கோடியில, மேடம். சார் ஆரம்பத்துலேருந்தே இந்தப் பக்கம்தான்.”

“அவர் எங்கே?”

“சாப்பிடக் கீழே போயிட்டாரு. தினமும் போவாரே.”

போன் அடித்தது.

“என்னம்மா, பால்கனிக்கு வந்தாச்சா?”

“வந்துட்டேன். தெரியறேனா?”

“தெரியாம என்ன? ஊதாப் புடவையில ஜம்முனு நிக்கிறே.”

இத்தனை நாளும் ஆளில்லாத கண்ணாடிக்குக் கையாட்டியிருக்கிறாள். அவமானத்தில் அழுகை முட்டியது. ஆனால் நிறம் மட்டும் எப்படித் தெரிந்தது?

“இன்னைக்கு மஞ்சள்ங்க” என்றாள்.

அவர் போனைக் கையால் பொத்துவது தெரிந்தது. அதையும் ஒழுங்காகப் பொத்தவில்லை.

“மஞ்சளாம்டி” என்றார் யாரிடமோ.

“நான் கிளம்பும்போது அக்கா ஊதாதான் கட்டியிருந்தா, மாமா.”