லோகாம்பாளின் முழம்

"பித்தலாட்டம்னா என்னம்மா?" என்று ஒருநாள் மகள் கேட்டபோது, கோயில் வாசலில் பூ விற்கும் தங்கபுஷ்பம் சரத்தைக் கூடைக்குள் சுருட்டி வைத்தாள். தினமும் பூ வாங்கும் லோகாம்பாள் சற்றுமுன் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அது. முழம் போடும்போது தங்கபுஷ்பம் முழங்கையைவிட்டு இரண்டு விரல் தள்ளித் தொடங்குவாள், விரல்நுனியையும் மடக்கிக்கொள்வாள்.

"சாமிக்குப் போற பூவுலயும் பித்தலாட்டமா புஷ்பம்? என் கையால அளந்தா உன் கடை போண்டியாயிரும்" என்று லோகாம்பாள் தன் நீளக் கையை ஆட்டிச் சிரித்தாள். பிறகு அந்தக் குறைந்த முழத்திலேயே கொஞ்சம் கிள்ளி, சிறுமியின் தலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாளும் தங்கபுஷ்பத்திடமே வாங்கினாள். வேறு கடைக்கு ஒருநாளும் போகவில்லை. அதன்பின் தங்கபுஷ்பம் விரலை மடக்கியதில்லை. ஆனால் அதுவரை குறைத்த பூவை, இன்னதென்று சொல்லி ஈடுகட்ட வாய் வரவில்லை.

லோகாம்பாள் இறந்த அன்று, உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்துவர எல்லோரும் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் அவள் தனியாகக் கிடந்தாள். தங்கபுஷ்பம் பூக்கூடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அளந்துக்கிடுங்கக்கா" என்றாள்.

நீட்டியபடி குளிர்ந்திருந்த அந்தக் கையின் முழங்கையில் சரத்தின் முனையை வைத்து, நடுவிரல் நுனிவரை இழுத்துப் பிடித்தாள். விட்ட இடத்திலிருந்து மறுபடி முழங்கைக்கு வந்தாள். கூடை காலியாகும்வரை அளந்தாள். தெருமுனையில் நீர்மாலை திரும்பும் சங்குச் சத்தம் கேட்டதும், பூவைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.