ஆம்ப்ரோஸின் மூச்சு

"ஒரே ஒரு நிமிஷம் கண்ணு. அந்தக் குழலை என் கையில குடுத்துட்டு நீ வெளிய நில்லு, போதும்."

"நல்லா இருக்கே கதை! கையுறை இல்லாம நானே அதைத் தொடக் கூடாது ஹெஸ்டர். உங்களைத் தனியா விட்டா என் வேலை போயிடும்" என்றாள் டில்லி.

யார்க்‌ஷயரின் அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் இசைக்கருவிகளுக்கு அவள்தான் பொறுப்பு. மேசைமேல் இருந்தது ஃபிளாஜலெட் என்கிற ஊதுகுழல். இருநூறு வயது. ஹெஸ்டரின் கணவர் ஆம்ப்ரோஸ் வாசித்தது. அவர் போனதும் ஹெஸ்டர் இங்கே கொடுத்துவிட்டாள். மூன்று வருஷமாக, புதன்கிழமை தவறாமல் வந்து கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கிறாள். எப்போதும் அதே நீலக் கம்பளிச் சட்டை. கூட ஒரு ஈ, காக்கை கிடையாது.

"மூணு வருஷமா மூடியே கிடந்துச்சு. இப்ப என்ன அவசரம்?" என்றாள் ஹெஸ்டர்.

"சனிக்கிழமை ஒருத்தர் வந்து வாசிக்கிறார். தலைப்பகுதியைத் திறந்து உள்ள இருக்கிற ஸ்பாஞ்சை மாத்தணும். மூச்சோட ஈரத்தை உறிஞ்சுமே, அது."

"எனக்கே பாடமா? நாற்பது வருஷம் ஞாயித்துக்கிழமைதோறும் அதை அலசிக் காயவச்சு உள்ள வச்சவ நான். அந்த மனுஷன் ஊதுறதோட சரி. சாப்பாட்டு மேசையில கூட விடமாட்டார்."

"கடைசியில வாசிக்கவே இல்லைன்னீங்களே?"

ஹெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். "ஊதி ஊதிப் பார்த்தார், சத்தமே வரல. என் மூச்சு போயிடுச்சு ஹெஸ்டர், இனி அவ்வளவுதான்னு நாற்காலியில சாஞ்சவர்தான். அப்புறம் தேறவே இல்ல."

டில்லிக்குப் புரிந்தது. அவருடைய கடைசி மூச்சல்லவா அந்த ஸ்பாஞ்சில் இருக்கிறது!

"அழாதீங்க. அதை உங்ககிட்டயே தந்துடறேன்."

"வேண்டாம் கண்ணு, திறக்காதே!"

அதற்குள் டில்லி குழலின் யானைத்தந்த மூடியைத் திருகிவிட்டாள்.

உள்ளே ஸ்பாஞ்ச் இல்லை. துளிக் காற்றும் நுழையாதபடி இறுக்கித் திணித்த கம்பளி நூல். நீல நிறம்.

டில்லி நிமிர்ந்து அந்தச் சட்டையைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு சாயங்காலமாவது வீடு அமைதியா இருக்கட்டுமேன்னுதான் வச்சேன்" என்றாள் ஹெஸ்டர். "மறுநாள் எடுத்திருக்கணும். எடுக்கல. இப்ப எல்லாச் சாயங்காலமும் அமைதியாத்தான் இருக்கு."