இரு கைகளால் நீட்டிய வத்தல் பொடி

2023 நவம்பர் 18, சனிக்கிழமை. தென் கொரியா, தேகு நகரச் சந்தை. வெயிலில் காய்ந்த மிளகாய், அறுநூறு கிராம் பதினெட்டாயிரம் வொன்.

சுபாஷினி அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கை மூட்டையின் வாய்க்குள் முழங்கைவரை இறங்கி, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி வந்தது.

மேலே இருந்த அதே சிவப்பு. வெளுத்த வத்தல் ஒன்றுகூட இல்லை. காம்பு கிள்ளி, ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள்.

விருதுநகர் மண்டியில் நாற்பது வருடம் வத்தல் பார்த்தவர் அப்பா தனுஷ்கோடி. துடைத்த வத்தலை அன்றுதான் பார்க்கிறார்.

ஒன்றை ஒடித்து நாக்கு நுனியில் வைத்தார்.

“இம்புட்டுச் செவப்பா இருக்கு. ஒறைக்க மாட்டேங்குதே, தாயி.”

“யப்பா, மெல்லப் பேசுங்க.”

“ஏன், அவுகளுக்குத் தமிழ் தெரியுமா?”

“ஒங்க மூஞ்சி தெரியுதுல்ல.”

அவர் சிரித்தார். சுபாஷினி சிரிக்கவில்லை.

நான்கு நாள் முன்பு, அவர் வந்து இறங்கிய மாலையில், இந்த ஊர்ப் பையன் ஜிஹூனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். “பாப்போம்” என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை. கோயிலைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.

சந்தையில்தான் முகம் அவிழ்ந்தது.

ஒரு பெண் பாசிப்பயறைக் கண்ணெதிரே கல்லில் அரைத்து, அடைபோல ஊற்றிப் பொரித்தாள். ஒன்று தின்றுவிட்டு இன்னொன்றுக்கு விரல் காட்டினார். வெல்லப்பாகு ஒழுகும் சூட்டு அப்பத்தைக் காகிதக் கோப்பையில் ஏந்தி, நடந்துகொண்டே தின்றார். அப்பா நடந்துகொண்டு தின்று அவள் பார்த்ததில்லை.

இப்போது நிற்பது ஜிஹூன் வீட்டு மில். அவன் அம்மா ஓக்சுன் அரைக்கிறார். ஜிஹூன் மூட்டை தூக்குகிறான்.

ஒருவர் வத்தல் அரைத்து முடிந்ததும் ஓக்சுன் மில்லின் வாயைத் திறந்து தூரிகையால் கூட்டுவார். கடைசிச் சிட்டிகையும் உரியவர் பைக்கே போகும். அதன் பிறகுதான் அடுத்தவருடையது.

மூன்று ஆட்கள் அரைத்துப் போகும்வரை அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“சுத்தமான வேலை” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பிறகு அவர் அள்ளிப் பார்த்த மூட்டையிலிருந்தே ஓக்சுன் எடுத்து அரைத்தார். பையில் கட்டினார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தலை தாழ்த்தி, இரு கைகளாலும் நீட்டினார்.

அப்பா வாங்கவில்லை.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

ஜிஹூன் மில்லை நிறுத்தினான்.

ஓக்சுன் நிமிரவில்லை. நீட்டிய கைகள் அப்படியே இருந்தன. தாழ்ந்த தலையோடு, “என்ன தப்பு செய்தேன்?” என்று கொரிய மொழியில் மெல்லக் கேட்டார்.

முடிந்தது என்று நினைத்தாள் சுபாஷினி.

“கீழ வைக்கச் சொல்லு, தாயி” என்றார் அப்பா.

பெரியவருக்கு இரு கைகளால் தருவதைக் கீழே வை என்று இந்த ஊரில் எப்படிச் சொல்வது?

அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அது மண்டி முகம் இல்லை. மண்டியில் அவர் எவர் கையிலிருந்தும் வத்தல் வாங்குவார். வத்தல் விளைவித்த சம்சாரி, தரகர், லாரிக்காரர், யார் நீட்டினாலும் உள்ளங்கையை விரிப்பார்.

வீட்டில்தான் வாங்க மாட்டார். அம்மா மிளகாய் டப்பாவை நீட்டினால், கீழே வைக்கும்வரை நிற்பார். அத்தை நீட்டினாலும் அப்படித்தான். கைக்குக் கை மாறினால் சண்டை வந்துவிடுமாம்.

மண்டியில் வராதா என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

“அங்க வந்தா வந்துட்டுப் போகுது” என்றார் அன்று.

சுபாஷினி ஓக்சுனின் பக்கம் திரும்பினாள். கொரிய மொழியில் இரண்டு வாக்கியம் சொன்னாள்: மிளகாய் கைக்குக் கை மாறினால் சண்டை வருமாம்; அதனால் வீட்டு ஆட்களிடம் மட்டும் அப்பா கையில் வாங்க மாட்டார்.

ஓக்சுன் நிமிர்ந்தார். அப்பாவை ஒரு கணம் பார்த்தார்.

பொட்டலத்தைத் தராசுத் தட்டில் வைத்தார்.

அப்பா எடுத்துக்கொண்டார்.