பகல் குளிசை

றிஸானாவின் வலது கை சோற்றுக்குள் இருந்தது.

அனீஸா குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து. நோன்பின் ஒன்பதாம் நாள்.

ஸலாம் சொல்ல வாயெடுத்தவள் அதை விட்டுவிட்டாள்.

"பட்டப்பகல்ல இது என்ன வேலை, றிஸானா?"

"வாங்க மதினி. இரிங்க."

மேசைக்கு மறுபக்கம் மின்ஹாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அனீஸாவின் தம்பி மஹ்ரூபின் மகள். பதின்மூன்று வயது. சோறு அள்ளும்போது விரல்கள் நடுங்கின. தைரொயிட் கூடிப்போய் மூன்று வாரமாகக் கண்டியில் மருந்து எடுக்கிறாள். அது அனீஸாவுக்குத் தெரியும்.

"மகள் சுகமில்லாத புள்ள. அவ தின்னட்டும். ஒனக்கு என்ன வந்த?"

"கேஸ்ட்ரிக், மதினி. டொக்டர் நோன்பு புடிக்க வாணான்டார்."

"கேஸ்ட்ரிக்கா? அறுபத்திரண்டு வயசுல நான் நோன்போட அக்குறணையில இருந்து கட்டுகஸ்தோட்ட வரைக்கும் பஸ்ஸில தொங்கிக்கொண்டு வாறேன். எனக்கு வராத கேஸ்ட்ரிக் ஒனக்கு வந்தீக்கி!"

"மெதுவா பேசுங்க மதினி."

"என்ன மெதுவா? என்ட தம்பி கடையில நாக்கு வறண்டு நின்டு புடவை அளந்து கிழிச்சுக் குடுக்குறான். வீட்டுக்காரி இங்க கருவாட்டுப் பொரியலோட. பசி தாங்க ஏலாட்டி அத செல்லு. டொக்டர்ட தலையில போடாத."

மின்ஹா தன் சோற்றுப் பீங்கானைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கும் வாணாம்."

"மகள், ரெண்டு பேரும் ஒன்னாத் தின்னுறதென்டுதானே பேச்சு?"

"மாமி ஏசுறாங்களே. நீங்க இனித் தின்ன மாட்டீங்க."

"தின்னுவேன். நீங்க போய் குளிசைய எடுத்துக்கொண்டு வாங்க. வாறதுக்குள்ள பாதி முடிச்சீப்பேன்."

"பாதி முடிஞ்சீந்தாத்தான் நான் குளிசை போடுவேன்."

"சரி, சரி. அலுமாரியில மேல் தட்டு."

மின்ஹா எழுந்து போனாள். றிஸானா அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"நாலு நாள் எங்களுக்குத் தெரியாம நோன்பு புடிச்சீக்கா, மதினி. பகல் குளிசையெல்லாம் ஜன்னலுக்கு வெளியால. அஞ்சாம் நாள் நெஞ்சு ஓடுது உம்மா என்டு செல்லிக்கொண்டே உழுந்துட்டா. நிமிஷத்துக்கு நூத்தைம்பது தரம் அடிக்குதாம்."

"யா அல்லாஹ்."

"தைரொயிட்ட அடக்குற குளிசை வேலை செய்ய ஒரு மாசத்துக்கு மேல போகுமாம். அதுவரைக்கும் நெஞ்சு ஓடாம ஈக்க மத்தக் குளிசை, மூணு நேரம். ஒரு நேரமும் தப்பக் கூடாது, பட்டினியும் போடக் கூடாது என்டு டொக்டர் ஏசினார். விட்ட நோன்ப சுகமானதும் புடிக்கலாம் என்டு மௌலவியும் செல்லிட்டார்."

"அப்ப புள்ள தின்ன வேண்டியதுதானே?"

"இவளோட படிக்கிற நுஹா கூட்டம் விடுதா? நோன்பு தொறந்த கையோட கோல் எடுத்து, எத்தினை புடிச்ச, எத்தினை புடிச்ச என்டு கேக்குதுகள். எல்லாருக்கும் எட்டு, இவளுக்கு நாலு. வீட்டில தான் மட்டும் நோன்பில்லாம ஈக்க வெக்கமாம். உம்மாவும் தின்னா தின்னுறேன் என்டா."

"அதுக்கு நீயும் நோன்ப விடுறதா? நாளைக்கு அல்லாஹ்வுக்கு என்ன பதில் செல்லப் போற?"

றிஸானாவின் கண் இன்னும் அறைப் பக்கமே இருந்தது. கை மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது.

அனீஸா அந்தக் கையைப் பார்த்தாள். அது வாய்க்குப் போகும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். போகவில்லை. பக்கத்தில் கிளாஸ் தண்ணீர் விளிம்புவரை நின்றது. பீங்கானில் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது, ஒரு பக்கம் மட்டும் குழைந்து கூழாகியிருந்தது. றிஸானாவின் உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன.

"எத்தினை நாளா நோன்போட சோறு பிசையிற?" என்றாள் அனீஸா.

"என்னது மதினி?"

அறையில் அலுமாரிக் கதவு சாத்தப்பட்டது. செருப்புச் சத்தம் குசினியை நோக்கி வந்தது.

அனீஸா பீங்கானை இழுத்து, சோற்றில் பாதியை வழித்து அருகிலிருந்த சட்டிக்குள் தள்ளி, மூடியைப் போட்டாள். கிளாஸ் தண்ணீரில் பாதியை சிங்க்கில் ஊற்றினாள். இரண்டையும் றிஸானாவின் முன்னால் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள்.

மின்ஹா வந்து முதலில் உம்மாவின் பீங்கானைப் பார்த்தாள். பிறகு குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். தன் பீங்கானை இழுத்துக்கொண்டாள்.