இடது கன்னம்

"இது என்ன சார், என் பொண்ணா, பூசணிக்காயா?"

மகளைக் கூட்டிப்போக வந்த டெய்லரம்மா போட்ட சத்தத்தில் பள்ளிக்கூட ஹாலே அதிர்ந்தது. ஏணி மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்த ஓவியருக்குக் கையில் இருந்த சுத்தியல் நழுவியது.

வகுப்புப் பிள்ளைகளை அவர் வரைந்த படங்களில், சுவரில் அதுவரை மாட்டியிருந்தது ஒன்றே ஒன்று. மஞ்சள் முகம், பச்சை மூக்கு, ரெட்டை ஜடை. மூக்கு பச்சையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இடது கன்னத்தில் அந்த ஊதாத் திட்டு இருந்ததே, அதைப் பார்த்துத்தான் இந்தச் சத்தம்.

மகள் சிட்டுவுக்குப் பிறவியிலேயே இடது கன்னத்தில் அப்படி ஒரு மச்சம். அதை மறைக்க டெய்லரம்மா படாத பாடு இல்லை. முடியை அந்தப் பக்கமாகவே சீவிவிடுவாள். போட்டோ என்றால் வலது பக்கம்தான்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார், அந்த மச்சம் மட்டும் வேணாம்னு! நாளைக்குக் கண்காட்சிக்கு ஊரே வருமே. என் பொண்ணு எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

ஓவியர் இறங்கி வந்தார். "அம்மா, இது உங்க பொண்ணே இல்லை. பக்கத்து பெஞ்சுப் பொண்ணு."

"யார்கிட்ட கதை விடறீங்க? அப்போ அந்த மச்சம்?"

சுவரைப் பார்த்துச் சாத்தி வைத்திருந்த படங்களை அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். நீல முகம், சிவப்பு முகம், கோணல் வாய்ப் பையன், முட்டைக்கண் பையன். அத்தனை பேர் இடது கன்னத்திலும் ஊதா!

"முகத்துல என்ன கலர் வேணும்னு பிள்ளைங்களைக் கேட்டுத்தான் வரைவேன். முதல்ல வந்தவன், 'சிட்டு கன்னத்துல இருக்கே, அது வேணும்'னான். அவ்வளவுதான், எனக்கும் எனக்கும்னு ஒரே அடம். ஊதா டியூப் மூணு காலி!"

டெய்லரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "வாலுங்க! அப்போ என் பொண்ணு படம் எங்கே?"

"நீங்க சொன்ன மாதிரியே வரைஞ்சிருக்கேன்." மூலையைக் காட்டினார்.

அங்கே ஒரு படத்தின் முன்னால் சிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படத்தில் இரண்டு கன்னமும் துடைத்துவிட்ட மாதிரி ஒரே ஆரஞ்சு.

அம்மாவைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லாரும் என் கலரை வாங்கிக்கிட்டாங்கம்மா. எனக்கு மட்டும் ஏம்மா இல்ல?"