முதலாம் தட்டில் கனடா

“கனடாவைக் கீழை இறக்கினியளெண்டா நான் இண்டைக்கே பிளேன் ஏறிடுவன்!”

முத்துக்குமாரு மேசையில் அடித்த அடியில் அதிபர் நமசிவாயத்தின் தேநீர்க் கோப்பை துள்ளியது.

“கனடா மேலை இருந்திட்டுப் போகட்டும். ஆனா லண்டன் ரெண்டாவதாத்தான் இருக்கும். மூண்டாவது எண்ட கதையே வேண்டாம்” என்றது அதிபரின் கையிலிருந்த தொலைபேசி. அதற்குள் இருந்தவர் அருட்செல்வன், பழைய மாணவர் சங்க லண்டன் கிளையின் தலைவர்.

சண்டை உலக வரைபடத்தைப் பற்றியதல்ல. தெல்லிப்பழைப் பக்கத்து அந்தப் பள்ளிக்கூடத்தின் கணினிச் சேர்வர் காலையிலிருந்து எழும்பவில்லை. தொடங்குவதற்கு எதுவும் அகப்படவில்லை என்று கறுப்புத் திரையில் ஒற்றை வரி மட்டும் நின்றது.

சேர்வரின் முகப்பில் மேலிருந்து கீழாக நான்கு தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மூடிய கறுப்புப் பெட்டி, பெட்டிக்குள் தரவுகளைச் சேமிக்கும் டிஸ்க். மேலிரண்டும் சுவிஸில் இருக்கும் பழைய மாணவி குணலட்சுமி அனுப்பியவை. ஒன்றில் எழுதுவதையே மற்றதும் எழுதிவைத்துக்கொள்ளும்; ரெயிட் என்பார்கள். கீழிரண்டும் லண்டனிலிருந்து அருட்செல்வனும் கனடாவிலிருந்து முத்துக்குமாருவும் தந்தவை. அவற்றுக்கு மட்டும் ‘உபயம்’ என்று தொடங்கி, பட்டம் பதவிகளோடு முடியும் பித்தளைப் பெயர்ப்பலகைகள் இருந்தன.

சுவிஸ் பெட்டிகளின் பச்சை விளக்குகள் நாள் முழுக்க மினுங்கும். மற்ற இரண்டும் ஒருநாளும் மினுங்கியதில்லை. பெரிய மனிதர்கள் எதற்கும் அலட்டிக்கொள்வதில்லை என்று அதிபர் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லியிருந்தார்.

நேற்று விடுமுறையில் வந்திறங்கிய முத்துக்குமாரு, தன் பெயர் தரையோடு தரையாகச் செருப்பு உயரத்தில் கிடப்பதைக் கண்டார். ஒரு கொடையாளியின் பெயரைக் குந்தியிருந்தா வாசிப்பது? பள்ளிக்கூடம் விட்டுச் சேர்வரை நிறுத்தியதும் கனடா முதலாம் தட்டுக்கு ஏறியது. செய்தி கடல் தாண்டியதும் லண்டன் இரண்டாம் தட்டைப் பிடித்தது. சுவிஸ் இரண்டும் கீழே போயின. குணலட்சுமியிடம் யாரும் கேட்கவில்லை.

திருத்த வந்த வாகீசன் நிமிர்ந்தான். “சேர், மேல் ரெண்டு தட்டிலையும் இருக்கிறதை மட்டும்தான் இது தேடும். பழையபடி மாத்திப் போட்டா எழும்பீடும்.”

“அதைத்தானே தம்பி ரெண்டு ஐயாமாரும் ஏலாதெண்டு நிக்கினம்.”

கணினி ஆசிரியை நிரோஜினிக்கு அழுகையே வந்துவிட்டது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் செயற்றிட்டங்கள் எல்லாம் அதற்குள்தான். மதியத்துக்குள் பரீட்சைத் திணைக்களத்துக்குப் போய்ச் சேராவிட்டால் ஒருவருக்கும் புள்ளி இல்லை.

“சேர், பிள்ளையள் ஒரு வருசமாப் பாடுபட்டுச் செய்தது. ஒரு பேர்ப்பலகைக்காக எல்லாரும் பெயிலாகிறதோ?”

“ரீச்சர், யோசிச்சுக் கதையுங்கோ!” முத்துக்குமாரு சீறினார். “கனடா இல்லாட்டி உங்களுக்கு உந்தச் சேர்வர் எங்காலை?”

“லண்டனையும் சேர்த்துச் சொல்லுங்கோ” என்றது தொலைபேசி.

வாகீசன் தலையைச் சொறிந்தான். “அப்ப ஒண்டு செய்வம். கனடா மேலையே இருக்கட்டும். அந்தப் பெட்டியைக் கழட்டி, சுவிஸிலை இருக்கிறதெல்லாத்தையும் அதின்ரை டிஸ்க்கிலை கொப்பி பண்ணிவிடுறன். பிறகு கனடாதான் உண்மையிலேயே முதலாவது. ஐயாவைக் கேட்டுத்தான் சேர்வரே கண் முழிக்கும்.”

அதிபர் கைதட்டினார். இதைவிடப் பெரிய மரியாதையை எந்தக் கோயில் திருவிழாவிலும் யாருக்கும் செய்ததில்லை. வாகீசன் திருப்புளியை எடுத்தான்.

முத்துக்குமாரு சட்டென்று பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

“வேண்டாம் தம்பி. பிள்ளையளின்ரை படிப்புக்கு முன்னாலை என்ரை பேர் என்ன பெரிய பேர்? லண்டனை மேலை போடும். நான் அடியிலையே கிடக்கிறன்.”

வாகீசன் தோளைக் குலுக்கிவிட்டு லண்டன் பெட்டியில் திருப்புளியை வைத்தான்.

“ஐயோ, அதைத் தொடாதையும்!” தொலைபேசி அலறியது. “அண்ணையே இறங்கேக்கை நான் ஏறுறது முறையோ? அவர் மூத்தவர். அவரையே போடுங்கோ.”

“இல்லை, நீர்தான் அருட்செல்வன்.”

“சீச்சீ, நீங்கள்தான் அண்ணை.”

காலை முழுக்க மேலே ஏறச் சண்டை பிடித்த இரண்டு கண்டங்களும் இப்போது கீழே இறங்கச் சண்டை பிடித்தன. நிரோஜினிக்குப் பொறுமை போய்விட்டது. யாரையும் கேளாமல் லண்டனையும் கனடாவையும் இழுத்து மேசையில் வைத்தாள். சுவிஸ் இரண்டையும் பழைய தட்டுகளில் செருகினாள்.

சேர்வர் ஒரு தரம் உறுமிவிட்டு எழும்பியது. பச்சை விளக்குகள் மினுங்க, பிள்ளைகளின் செயற்றிட்டங்கள் ஒவ்வொன்றாகத் திணைக்களத்துக்குப் புறப்பட்டன.

அதிபரின் கண்கள் கலங்கிவிட்டன. பணிவைக் கண்டால் விழா எடுக்காமல் இருக்கமுடியாத மனிதர் அவர். இத்தகைய தன்னலமற்ற இரு பெருந்தகைகளுக்கும் வருகிற வெள்ளியே பொன்னாடை போர்த்தப்படும் என்று அறிவித்தார். தொலைபேசியை முத்துக்குமாருவின் கையில் திணித்துவிட்டு, மாலைக்குச் சொல்ல ஓடினார்.

முத்துக்குமாரு தொலைபேசியைக் காதோடு அணைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார். அதன் ஒலிபெருக்கியை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. லண்டன் இரகசியமாகக் கேட்டது அறை முழுக்கக் கேட்டது.

“அண்ணை, உங்கடையும் வெறும் பெட்டிதானோ?”