திரை அவள் பக்கம்

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு ஸ்கேன் அறை. லியோங் மல்லாந்து கிடக்கிறார். கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி, அதன்மேல் ஜில்லென்று பசை. தலையைத் திருப்பிப் படுக்கச் சொல்லிவிட்டதால் கம்ப்யூட்டர் திரை அவருக்குத் தெரியவில்லை. சுவரோர நாற்காலியில் இருக்கும் மனைவி மெய் யோக்கின் முகம்தான் தெரிகிறது. முப்பது வருடமாக அவரைத் திட்டிப் பழகிய முகம். இன்று வேறு சேனல் இல்லை. திரையின் சாம்பல் வெளிச்சம் அவள் மூக்குக்கண்ணாடியில் அசைகிறது. கருவியைக் கழுத்தில் உருட்டும் பெண் பொத்தானை அழுத்துகிறாள்: டிக், டிக். அளக்கிறாள். ஒன்றுமில்லாததை அளப்பானேன்?

“என்னம்மா தெரியுது?”

“பேசாதீங்க அங்கிள், படம் ஆடுது. டாக்டர் பாத்துட்டுச் சொல்வாரு.”

மறுபடி டிக். மெய் யோக்கின் விரல்கள் கைப்பையின் வாரை முறுக்குகின்றன. லியோங் தன் பங்குக்கு ஒரு சோதனை வைக்கிறார். கட்டி தென்பட்ட நாளிலிருந்து கருவாடு என்று வாயெடுத்தாலே ‘புற்றுநோய் வரும்’ என்று கரண்டியைத் தூக்குகிறவள் அவள்.

“போற வழியில கருவாடு வாங்கலாமா?”

‘தின்னுட்டுச் சாவு கெழவா’ என்று வரவேண்டும். வந்துவிட்டால் பிழைத்தார்.

மெய் யோக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொள்கிறாள்.

“உனக்குப் பிடிச்சதா பாத்து வாங்கிக்கோ.”

லியோங்குக்குக் கருவாட்டு ஆசை அந்த நொடியே விட்டுப்போகிறது.